மோடத்துக்கு ஒரு தகரப் பெட்டி

மாமல்லபுரத்தில் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் வீடு கட்டினால் உப்புக்காற்று சும்மா விடுமா? ரேடியோ, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று எங்கள் வீட்டில் துருவுக்குத் தின்னக் கொடுத்ததே அதிகம். அதனால் பிராட்பேண்ட் மோடம் வந்த அன்றே நைனா அதை அளவெடுத்துவிட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். ஒரே வாரத்தில் தகரத்தில் பெட்டி தயார். சாம்பல் பெயிண்ட், கீல் வைத்த கதவு, காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். ஏரியலோடு மோடத்தை உள்ளே வைத்து, ஹால் சுவரில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

கம்ப்யூட்டர் இருந்தது மாடியில், அண்ணனின் அறையில். கீழே ஹாலிலிருந்து வைஃபை சிக்னல் ஏறி வர வேண்டும். அண்ணன் ஓட்டல் சமையல் வேலைக்காக வளைகுடாவுக்குப் போன வருஷம் அது. வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனும் நானும் நெட்டில் கார் ரேஸ் ஓட்டுவோம். ரேஸ் ஒரு சாக்குதான். ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசலாம், அதற்காகத்தான் இருவரும் காத்துக் கிடந்தோம். ஆனால் முதல் வளைவிலேயே என் கார் நின்றுவிடும், அவன் குரல் துண்டு துண்டாகும். நாலு வாரம் பொறுத்தான். ஐந்தாவது வாரம், "இது பேஜாரா கீது. வுட்டுடலாம், பாப்பா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒயர் இழுக்கலாம் என்றால், தளத்தில் ஓட்டை போட்டால் மழைக்கு ஒழுகும் என்றார் நைனா. நானும் பார்க்காத வைத்தியம் இல்லை. கம்ப்யூட்டருக்குச் சிக்னல் வாங்கித் தரும் விரல் நீளக் கருவியைத் துடைப்பக்கட்டையில் கட்டி மாடிப்படிக்கு நேராக நீட்டினேன். சிக்னலைக் குவித்துத் தரட்டும் என்று அதன் பின்னால் அம்மாவின் எவர்சில்வர் சல்லடையை நிற்க வைத்தேன். கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் மாவு சலிக்க அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

"பெட்டியாலதான் இருக்குமோ, நைனா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காத்து போற ஓட்டைல சிக்னலு போவாதா?" என்றார். சரியாகத்தான் பட்டது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், சுத்தியல், அம்மாவின் அருவாமனை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நைனா மோடத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். வீட்டு போனுக்கும் அதன் வழியாகத்தான் லைன்; போன் வந்தால் எடுக்க வேண்டுமே என்று ஒயர்களை மட்டும் பிடுங்கவில்லை. அன்று அண்ணனுக்கும் லீவு.

"கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சாச்சு. இன்னிக்குத் தொடாத" என்றாள் அம்மா. நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

கார் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்பீக்கரில் அண்ணன், "இன்னாடி இது, பக்கத்து ரூம்புல கீற மாதிரி கேக்குது!" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துச் சுண்டல் கிண்ணத்தோடு நைனா வந்து நின்றார். போனில் மகனிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

"அங்க சுண்டல் உண்டாடா?" என்றார் ஸ்பீக்கரைப் பார்த்து.

"நான்தான் செஞ்சேன், நைனா. உப்பு ஜாஸ்தி."

நைனா சிரித்த சிரிப்பில் கிண்ணம் ஆடியது.

சரஸ்வதி கடாட்சம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மோடம் பெட்டிக்குள் போனது. வெள்ளிக்கிழமை என் கார் பழையபடி நின்றது. தகரப் பெட்டிதான் சிக்னலை மறிக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதை நைனாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் கையால் செய்த பெட்டி அல்லவா? அண்ணனை நினைத்துக்கொண்டு கீழே போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கம்பெனிக்காரர், சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். என்னை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பெட்டியைச் சாத்தினார்.

"சிக்னலு கீதா?"

"இல்ல, நைனா!"

மோடத்தை வெளியே எடுத்தார். "இப்ப?"

"கீது!"

மூன்று முறை உள்ளே வைத்து வெளியே எடுத்துப் பார்த்தார். நான் இறங்கிப் போனபோது, ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல் மேல் மோடம் வெறும் உடம்போடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"துருப் புடிக்குமே, நைனா?"

"புடிச்சா வேற வாங்கிக்கலாம். நீ போயி அவன இருக்கச் சொல்லு, வரேன்."

பெட்டியின் ஓட்டைகளை அடைத்து அம்மா வடாம் போட்டு வைத்தாள். நமுத்துப் போகவே இல்லை. மோடம் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துப் போனது. நைனா புதிது வாங்கி அதே ஸ்டூலில் வைத்தார். பெட்டியைக் கழற்றிய பிறகு சிக்னல் இல்லை என்று எந்த வெள்ளிக்கிழமையும் கார் நிற்கவில்லை. ஆனாலும் அண்ணனை ஒரு ரேஸில்கூட நான் ஜெயிக்கவில்லை. நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் முழங்கையை இடித்து இடித்துப் பேசிக்கொண்டிருப்பார் நைனா.