மோந்து பார்க்கக் கூடாத பூ

என் அம்மாவின் மூக்குக்கு எங்கள் சந்தில் ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது. தேரடி வீதிக்குப் பின்னால், ஆட்டோ நுழைந்தால் திரும்பி வர முடியாத சந்து அது. எதிர்வீட்டில் பால் அடிப்பிடிக்கத் தொடங்கினால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். மழை வரப்போவதை வானத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள், மூக்கை லேசாகத் தூக்கிச் சொல்லுவாள். கொடியில் துணி இருந்தால் அக்கம்பக்கத்தார் ஓடிப்போய் எடுத்துவிடுவார்கள்.

அண்ணன் கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் சிகரெட் பிடித்துவிட்டு, கொய்யா இலையை மென்று, வாயைக் கொப்பளித்து, பயபக்தியோடு வீட்டுக்குள் நுழைந்தான். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கொய்யா இலைய எதுக்குடா தின்ன?" என்றாள். அவன் அத்தோடு சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். நான் நம்பவில்லை, ஆனால் அன்றைக்கு அவன் முகம் போன போக்கை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

அந்த மூக்கைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசனை மட்டும் திரும்பவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, "வந்துடுச்சுடி, எல்லாம் தெரியுது" என்றாள். நாங்களும் நம்பினோம். நம்புவது சௌகரியமாக இருந்தது. அண்ணன் பெங்களூரில் இருந்தான். நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் வேலை, பக்கத்திலேயே வீடு. பஸ் ஏறினால் அம்மா வீடு கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான் போவேன். கேட்டால் ஆடிட்டு என்பேன், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பேன். அப்பா போன பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை போனபோது வாசல்படியிலேயே கேஸ் நாற்றம். ஓடினேன். சமையலறையில் அடுப்பின் திருகு திறந்தபடி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், தீப்பெட்டி முழங்காலுக்கு அருகில். நான் ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடி, கத்தித் தீர்த்தேன்.

"சளி புடிச்சிருக்குடி, அதான் தெரியல. அதுக்கு இன்னா இப்டி கத்துற?" என்றாள்.

அன்றே அண்ணனுக்குச் சொன்னேன். அவன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான். மூக்கு வரவில்லை என்றால் சித்திரை முடிந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவது. பதினோராவது மாடி. சமையலுக்கு ஆள் வருகிறது, அம்மா அடுப்புப் பக்கமே போக வேண்டாம். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கோபுரத்தைப் பார்க்காமல் காபி குடிக்காத ஒருத்தியைப் பதினோராவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"நிஜமாவே தெரியுதா இல்லையானு நீ பக்கத்துல இருந்து பாரு. பாத்துட்டு சொல்லு, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றான்.

பார்ப்பது எப்படி? வீட்டில் அவள் கெட்டிக்காரி. குழம்பு கொதிக்கும் சத்தத்தை வைத்து, "வாசன வந்துடுச்சு, இறக்கிடு" என்பாள். ஊதுபத்தியைக் கண்ணால் பார்த்துவிட்டு, "சந்தனமா?" என்பாள். அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் ஒருவர் சொன்னார், ஜவ்வாது மலையில் பூ பார்க்கும் விழா நடக்கிறது, பங்குனிக் கடைசியில் காட்டு மரங்கள் பூக்கும் நேரம், வழிகாட்டி ஒருவர் கூட வந்து மரம் மரமாகக் காட்டுவார் என்று. எனக்குப் பொறி தட்டியது. முன்பின் பார்க்காத பூ என்றால் கண்ணை வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாதே. அம்மாவிடம் சொன்னேன். தனியாக வரமாட்டேன் என்று சந்தில் இருந்த வெள்ளிக்கிழமை பூஜைக் கூட்டத்தையே கிளப்பிவிட்டாள்.

வேனில் போளூர் தாண்டி மலை ஏறினோம். வளைவுகளில் எல்லாரும் புளிப்பு மிட்டாய் சப்பினார்கள். மேலே இறங்கியதும் காற்று சில்லென்று இருந்தது. வழிகாட்டி கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை, முப்பது வயது இருக்கும், தொப்பி போட்டு, கழுத்தில் பைனாகுலர் மாட்டியிருந்தார். வணக்கம் சொல்லித் திரும்பிப் பார்த்தால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றி வேன் ஓரமாக வரிசையாக விட்டிருந்தார்கள். மலை என்று ஒன்றைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவது கிரிவலம் சுற்றும் எங்கள் ஊர்க் கால்களுக்குப் பழக்கம். இது அந்த மலை இல்லை, இங்கே முள் குத்தும் என்று அவர் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மாட்ட வைத்தார்.

முதலில் கோங்கு. இலையே இல்லாத மரத்தில் கை அகலத்துக்கு மஞ்சள் பூ. அடுத்து வெப்பாலை, கிளை முழுக்க வெள்ளை. அதன் கீழே நின்று அந்தப் பெண் சொன்னார்: "பறிக்க வேண்டாங்க. கிளையைத் தாழ்த்திப் பிடிக்கிறேன், ஒவ்வொருத்தரா வந்து மோந்து பாருங்க."

ஒருவரும் நகரவில்லை.

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில்தானே வளர்ந்தேன். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. மோந்துவிட்டால் அது நாம் அனுபவித்த எச்சில் ஆகிவிடும். சின்ன வயதில் பூ தொடுக்கும்போது என் முகம் கொஞ்சம் கூடைப் பக்கம் சாய்ந்தாலே தலையில் ஒரு குட்டு விழும். மல்லிகையின் வாசனை தானாக வந்து மூக்கில் ஏறினால் அது பாவமில்லை, நாமாகத் தேடிப் போய் மோந்தால்தான் பாவம்.

"சாமிக்கு வைக்கிற பூவ யாராச்சும் மோந்து பாப்பாங்களா?" என்றாள் அம்மா.

"இதை யாரும் சாமிக்கு வைக்கப் போறதில்லையேம்மா. மரத்துலதானே இருக்கு?"

"மரத்துல இருந்தா இன்னா, மரத்துல இருக்கிற பூவையும் அவருதான பாத்துக்கினு இருக்காரு."

அத்தனை தலைகளும் ஆடின. கூட்டத்தில் எங்களோடு ஒரு வெள்ளைக்காரம்மாவும் இருந்தார். எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துப் பல வருடமாகத் தங்கியிருப்பவர். அவர் மட்டும் முன்னால் போய் வெப்பாலைக் கொத்துக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, இழுத்தார் பாருங்கள். எங்கள் பெண்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நுணா மரம் வந்தது, காட்டு மல்லி வந்தது, முதல் சரம் விட்ட கொன்றை வந்தது. கொன்றையைக் கண்டதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது சிவன் தலையில் இருக்கும் பூ, கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு மரத்தடியிலும் கையைப் பின்னால் கட்டி, இரண்டடி தள்ளி நின்றே பார்த்தார்கள். "எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன், மூக்கை வீட்டுலயே வச்சிட்டுப் பூ பாக்க வந்த கூட்டத்தை இப்பத்தான் பாக்கறேன்" என்று அந்தப் பெண் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வழுக்குப் பாறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலேஜ் நாளுக்குப் பிறகு நாங்கள் அப்படிக் கைபிடித்து நடந்ததே இல்லை. அந்த எரிச்சலுக்கு நடுவிலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

ஓடைப் பக்கம் இறங்கும்போது எங்கிருந்தோ ஒரு வாசனை வந்து எல்லாரையும் நிறுத்தியது. "தாழம்பூ" என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா மட்டும் நிற்காமல் நடந்தாள். பிறகு நாங்கள் நின்றதைக் கண்டு அவளும் நின்றாள்.

ஓடைக்கரைப் புதரில் ஒரே ஒரு பூ. மழைக்காலத்தில்தான் பூக்கும், இது ஒன்று காலம் தப்பிப் பூத்திருக்கிறது என்றார் அந்தப் பெண். காற்றில் காம்பு ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்ததை முள் படாமல் எடுத்து வந்தார். எடுத்து வந்து, கண்ணில் ஒரு குறும்போடு, "இது சாமிக்கு ஆகாதுதானே?" என்றார்.

கூட்டமே சிரித்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்கிற கேள்வியா அது? எங்கள் ஊரில் மலையாக, நெருப்பாக நின்ற சிவனுடைய முடியைத் தேடிப் போன பிரம்மா அதைக் காணாமலே கண்டேன் என்றார். அதற்குப் பொய்ச்சாட்சி சொன்னது தாழம்பூ. அன்றிலிருந்து சிவன் பூஜைக்கு அது கிடையாது. எங்கள் ஊரில் குழந்தைகள் அரிச்சுவடிக்கு முன்னால் கேட்கிற கதை அது. ஆகவே இந்தப் பூவை மோந்து பார்க்கத் தடை ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்த ஆசையெல்லாம் சேர்த்து ஒவ்வொருத்தியும் ஆழமாக இழுத்தாள். பூ கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

மூக்கருகில் கொண்டுபோனேன். எனக்கு அது பூவின் வாசனையாகவே தெரியவில்லை. அம்மாவின் பீரோதான் தெரிந்தது. அரக்குக் கூரைப் புடவைக்கும் மாம்பழப் பட்டுக்கும் நடுவில் காய்ந்த தாழம்பூ மடல்களை வைத்திருப்பாள். கல்யாணத்துக்குப் போகும் நாட்களில் அந்தக் கதவு திறக்கும்போது நாங்கள் ஓடிப்போய் முன்னால் நிற்போம். புடவை உடுத்திய அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் தூங்கியிருக்கிறேன். அந்த ஒரு நொடியில் எனக்கு ஏழெட்டு வயதாகிவிட்டது. பூவை அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். எல்லாரும் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள், நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். நல்லா இருக்கு என்று அவள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்ய முடியும்? தாழம்பூ மணக்கும் என்று யாருக்குத் தெரியாது?

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலடி" என்றாள். "இத்தன நாளா தெரியல. பொய் சொன்ன பூவ கையில வச்சிக்கினு நானும் பொய் சொல்லவா?"

அழவில்லை. பூவைப் புதரடியில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உங்க அண்ணங்கிட்ட சொல்லிடு. எங்கனா கூப்ட்டாலும் வரேன்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியாகிவிட்டது. எனக்கு அவளைச் சோதிக்கக் கூட்டிவந்ததே கேவலமாகத் தோன்றியது.

மத்தியானம் சாமைச் சோறு போட்டார்கள். அம்மா சாப்பிட்டாள், பக்கத்து இலைக்காரியிடம் நன்றாகப் பேசினாள். நான்தான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன்.

மலையில் டவர் இல்லை. போளூர் வந்ததும் போன் அடித்தது. அண்ணன்.

"இன்னா ஆச்சு? தெரியுதா?"

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா தெரியுதுண்ணா" என்றேன். "தாழம்பூ வாசனைய எங்க எல்லாருக்கும் முன்னாடி அவங்கதான் சொன்னாங்க." அவன் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. அம்மா திரும்பவே இல்லை. வேங்கிக்காலில் நான் இறங்கும்போதுதான், "நாளைக்கே அந்த சிலிண்டர எடுத்துடு. கரண்ட் அடுப்பு ஒண்ணு வாங்கியா" என்றாள்.

வாங்கிக் கொடுத்தேன். தோசை முறுகவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேராக அங்கேதான் போவேன். ரசத்தை மூடியைத் திறந்து காட்டுவாள். "மணக்குதா?" "மணக்குது." "பெருங்காயம் ஜாஸ்தியா?" "கொஞ்சம்." பாலைக் கொடுத்துத் திரிந்ததா என்று கேட்பாள், மடித்த புடவையைக் கொடுத்து முடை அடிக்கிறதா என்று கேட்பாள். உலகத்தில் என்னென்ன வாசனை இருக்கிறது என்று அந்த வருடங்களில்தான் கவனித்தேன். வீட்டில் கணவரும் பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள். நான் போவதை நிறுத்தவில்லை. இப்போது நினைத்தால் என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சாயங்காலங்கள் வேறு இல்லை.

போன ஐப்பசியில் அம்மா அந்த வீட்டிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து நானும் அண்ணனும் சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் அடுப்பைத் துடைத்தபடி அவன் சொன்னான்: "அன்னிக்கு போளூர்ல இருந்து நீ பொய்தான சொன்ன?"

நான் கையிலிருந்த பெருங்காய டப்பாவை மூடி வைத்தேன்.

"மறுநாளே அம்மா போன் பண்ணிட்டாங்க. மூக்கு வரலடா, அவ எனக்காக பொய் சொல்லிட்டா, கேஸ எடுத்துட்டேன், என்ன இங்கயே விட்டுடு, அவகிட்ட காட்டிக்காதனு."

"அப்பறம் ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"அம்மாகிட்ட கேட்டேன், ரெண்டு மூணு மாசம் கழிச்சு. பெங்களூர்ல மூக்குக்குனே ஒரு டாக்டர் இருக்காரு, வந்து காட்டிட்டுப் போனு கூப்ட்டேன். வேணாம்னுட்டாங்க." துடைத்த துணியை அவன் மெதுவாக மடித்தான். "மூக்கு வந்துட்டா அவ தினம் வரமாட்டாடானு சொன்னாங்க."