நாலு மணி நேரக் கடல்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாகக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் நடக்கிறார். எங்காவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். "அஞ்சே நிமிஷம்" என்பார், நாலாவது நிமிஷம் போய் நிற்பார். தொழிலுக்கு அந்த வேகம் சரி. வீட்டில்தான் தொல்லை. மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வைத்ததை நாற்பதாவது விநாடியில் எடுத்துவிட்டு, "சூடே இல்லையே" என்று குறை சொல்வார்.

அவர் மகள் வேறு ஊரில் படிக்கிறாள். போனில் இருவருக்கும் பேச்சு, "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்", "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்". அவ்வளவுதான். அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு பகலில் இருவரும் அவரவர் இடத்திலிருந்து சேர்ந்து ஒரு வீடியோ கேம் ஆடுவது. சரக்குக் கப்பல் விளையாட்டு. அவள் சுக்கான் பிடிப்பாள், இவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்கு நாலு மணி நேரம். நம் கடிகாரத்தில் ஓடுகிற அதே நாலு மணி நேரம். வழியில் கொள்ளைக்காரன் கிடையாது, சுறா கிடையாது. தண்ணீர்தான்.

முதல் ஞாயிறு, இருபதாவது நிமிஷத்தில் உச்ச வேகத்துக்குத் தள்ளி எஞ்சினை வெடிக்க வைத்தார்; கப்பல் மூழ்கியது. இரண்டாம் ஞாயிறு, கப்பல் தன்பாட்டுக்கு ஓடட்டும் என்று கைப்பேசியில் வீடியோ பார்த்தார். அதே விளையாட்டை வேறு யாரோ ஆடுகிற வீடியோ, அதுவும் இரட்டை வேகத்தில். இவருடைய எஞ்சின் சூடேறிப் புகைந்ததைக் கவனிக்கவில்லை. கப்பல் மறுபடி மூழ்கியது.

"இன்னொரு தடவை முங்குச்சுன்னா என் ரூம்மேட்டைச் சேர்த்துக்கறேன்பா," என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது. முகம்கூடப் பார்த்திராத அந்த ரூம்மேட்டை வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு, அக்கா அவர் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நெளிந்தார், எழுந்தார், சன்னலைத் திறந்தார், மூடினார். கை வேக விசைப் பக்கம் போய்ப் போய் வந்தது. விசாவுக்குக் காத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் நானே தேவலை.

"ஏங்க, லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட போன்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"இப்ப எதுக்குடி அது? தரையில உக்காருங்க, பட்டனைத் தொடாதீங்க, கதவையே பாத்துக்கிட்டு இருக்காதீங்கம்பேன்."

"அப்ப உக்காருங்க தரையில."

மகள் சிரிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. அத்தான் என்னைப் பார்த்தார். "பாத்தியா மச்சான், உங்க அக்கா என் தொழிலையே என் மேல திருப்பறா."

"உக்காந்துடுங்க அத்தான். வேற வழியில்லை."

சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டினார். அரை மணி நேரம் கொட்டாவி. அப்புறம் கொட்டாவிக்கே அலுத்துப்போய்விட்டது. திரையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் விசையைச் சற்றுக் குறைத்தார். "எவ்வளவு தண்ணி, அடேங்கப்பா," என்றார், யாரிடமும் இல்லாமல். செய்ய ஒன்றுமே இல்லாத ஒன்றரையாவது மணி நேரத்தில் பேச ஆரம்பித்தார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல நானே லிஃப்டுல மாட்டிக்கிட்டேன், தெரியுமா? கூட ஒருத்தர், கையில பிறந்தநாள் கேக்கோட. நான் மெக்கானிக்குன்னே சொல்லலை. சட்டையில இருந்த கம்பெனி பேரைக் கையால மறைச்சுக்கிட்டு மூணு மணி நேரம் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேருமா கேக்கைத் தின்னு தீத்துட்டோம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த கையோடு, ஒரு பாடத்தில் தோற்றதைச் சொல்லி, "அம்மாகிட்ட இப்ப சொல்லிடாதீங்கப்பா" என்றாள். அம்மா உள்ளே போய்விட்டாள் என்று நினைத்திருப்பாள்; அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறக்கப்போனவளை அத்தான் கையெடுத்துக் கும்பிட்டு அடக்கினார்.

அப்புறம் எதை எதையோ பேசினார்கள். துறைமுக விளக்குகள் தெரிந்தபோது, "வந்துட்டோம்பா!" என்று கத்தினாள் மகள். கொஞ்ச நேரத்தில், "ஏம்ப்பா, வேகம் குறையுது?"

"எதிர்க்காத்து," என்றார் அத்தான், விசையை மெல்லப் பின்னுக்கு இழுத்தபடி.

அந்த விளையாட்டில் காற்றே கிடையாது. அது மகளுக்கும் தெரியும்.

"ஆமாம்பா," என்றாள். "இங்கயும் பயங்கரமா அடிக்குது."