அறுபதும் நாற்பத்திரண்டும்

மூடுபனி டெல்லியின் கோல் மார்க்கெட்டையே விழுங்கியிருந்த ஜனவரிக் காலை. சிறுநீரகம் பழுதான என் மனைவி செண்பகத்தின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை, கரோல் பாக் லேபிலிருந்து வாங்கிவந்தேன். ஆறு மாதம் முன்பு அரசு டிஸ்பென்ஸரியில் எடுத்தபோது யூரியா அறுபது. இப்போது நாற்பத்திரண்டு.

“எறங்கிட்டு, புள்ள!” என்றேன்.

“அப்போ இன்னைக்காச்சும் குழம்புல உப்புப் போடலாமா? டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“அந்த டிஸ்பென்ஸரி லைன்ல எவன் நிப்பான்? நாள் பூரா ஃபைல் பாக்குதவன் நான். எனக்கு நம்பர் தெரியாதா?”

அப்பளமும் ஊறுகாயும் வீட்டுக்குத் திரும்பின. ஹோலியன்று அவள் முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. டிஸ்பென்ஸரி டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஹிந்தியில் சொன்னார்: “பழையது முழு யூரியா. புதியது அதிலுள்ள நைட்ரஜன் மட்டும். யூரியாவாக மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல், தொண்ணூறு வரும். குறையவில்லை, ஏறியிருக்கிறது.”

தாளில் ‘யூரியா நைட்ரஜன்’ என்றே அச்சாகியிருந்தது. நான் எண்ணை மட்டும் படித்திருந்தேன்.

மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை.

இப்போது என் ரத்தப் பரிசோதனைக்கு எப்போதும் ஒரே லேப்தான். எண்ணுக்கு முன்னால் இருக்கும் பரிசோதனையின் பெயரைப் படிக்கிறேன். ரிப்போர்ட்டோடு டிஸ்பென்ஸரி வரிசையிலும் நிற்கிறேன். அரை மணி நேரம்தான் ஆகிறது.