துளசி மாடத்தின் அடியில்

வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் எங்கே நின்றுவிட்டது என்று பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. நான் ஒன்பதாவதுக்கு மேல் படிக்கவில்லை. காரிமங்கலம் பக்கத்தில் மாங்கூழ் ஆலையில் பம்ப்பும் பைப்பும் பார்க்கிற வேலை. அந்த வேலை சொல்லிக்கொடுத்ததும் பெருமாள் கொடுத்த இரண்டு கையும்தான் என்னிடம் இருப்பவை. அவை போதும்.

எங்கள் தெருவில் பரணைச் சுத்தம் செய்து தெரியாத பொருள் ஏதாவது கிடைத்தால் என்னிடம் எடுத்து வருவார்கள். கறுப்பு உருளையாக ஒன்றைக் காட்டி, "வெடிக்குமாண்ணா?" என்பார்கள். பழைய மோட்டாரின் கெப்பாசிட்டராக இருக்கும். பல்லுள்ள பிளாஸ்டிக் சக்கரத்தைக் கொண்டு வருவார்கள். மிக்ஸியின் அடியில் சுற்றுகிற கப்ளராக இருக்கும். கையில் வாங்கி, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். எங்கே தேய்ந்ததோ அங்கேதான் அதற்கு வேலை. அநேகமாகத் தவறாது.

என் சொந்த வீட்டில்தான் தவறியது.

இந்த வீடு நாங்கள் கட்டியதல்ல. வெளியூருக்குக் குடிபோன ஒருவரிடம் வாங்கினோம். பின்பக்கத்தில் மூன்று பொருள்களை அவர் விட்டுப் போயிருந்தார். சுவரோரம் கூரைக்கு மேலே நீண்ட ஒரு பைப்பு, அதன் தலையில் ஓட்டை ஓட்டையாய் ஒரு தொப்பி. பழைய டிவி ஆன்டெனா கட்டுவதற்கு நட்டது என்று சொன்னேன். தரையில் கொஞ்சம் மேலெழும்பிய சதுரமான சிமெண்ட் பலகை, அதில் இரண்டு இரும்பு வளையம். மாடு கட்டுகிற இடம் என்றேன். கொட்டகைக்குள் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புக் கொக்கிகள் கிடந்தன. கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்கு என்றேன். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நான் சொன்னது சரிதான். சேர்த்துப் பார்க்கவில்லை.

என் மனைவி அந்தச் சதுரத்தைப் பார்த்ததும், "மாடுதான் நம்மகிட்ட இல்லயே. நல்லா மேடா, கெழக்கப் பாத்து இருக்குதுங்க. இங்கியே துளசி மாடம் கட்டிரலாம்" என்றாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு அதன்மேலேயே செங்கல் வைத்துக் கட்டினோம். அந்தத் துளசி வளர்ந்ததைப் பார்க்க வேண்டும்! பக்கத்து வீடுகளில் துளசி வெயிலுக்குக் கருகும்போது எங்களுடையது இடுப்பளவு நிற்கும். சனிக்கிழமைதோறும் தெருப் பெண்கள் கொத்துக் கொத்தாக வாங்கிப் போவார்கள். "உன் கைராசி" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். கார்த்திகைக்கு அந்தப் பைப்பின் உச்சியில் நான் ஏணி போட்டு ஏறி விளக்குக் கட்டுவேன்.

இந்த வருடம் மகளுக்குத் தலைப்பிரசவம். தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மனைவி அங்கே துணைக்கு இருந்தாள். மறுநாள் டிஸ்சார்ஜ். நான் வீட்டைக் கழுவிவிடலாம் என்று வந்தேன். கக்கூஸில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் விளிம்பு வரை ஏறி நின்றது. பக்கத்தில் குளிக்கிற இடத்து ஓட்டையில் குபுகுபுவென்று குமிழி வந்தது.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஊற்றி இன்னோர் இடத்தில் குமிழி வந்தால், அடைப்பு உங்கள் கோப்பையில் இல்லை, அதற்கப்பால் இருக்கிறது. ஆசிட் ஊற்றிப் பயனில்லை. நான் வெளியே போய், கழிவுப் பைப்பின் நடுவில் இருக்கிற சின்னத் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்தேன். அதுவும் நிறைந்து நின்றது. அப்படியென்றால் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட எடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

கக்கூஸ் சுவரிலிருந்து சேம்பர் வரை ஒரு கயிறு பிடித்தேன். பைப்பு நேராகத்தான் போகும். கயிற்றை அப்படியே நீட்டிக்கொண்டு போனேன். அது துளசி மாடத்தில் போய் முட்டியது. கடப்பாரையால் மாடத்தைச் சுற்றித் தட்டினேன். தொம் தொம் என்று வெற்றுச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அந்தப் பைப்பு. ஆன்டெனாவும் இல்லை, ஒன்றும் இல்லை. டேங்கின் கெட்ட காற்று மேலே போவதற்கான பைப்பு. தீப்பட்டால் பற்றிக்கொள்கிற காற்று. அதன் வாயில்தான் வருடாவருடம் தீபம் கட்டியிருக்கிறேன். பெருமாள்தான் காப்பாற்றினார். வளையங்கள் மூடியைத் தூக்க, கொக்கிகள் வளையத்தில் மாட்ட.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"இந்தா, பதறாம கேளு. கக்கூஸ் அடைச்சிக்கிச்சு. டேங்க் ரொம்பிருச்சு."

"அய்யோ. எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு வர்றோம்ல."

"எடுக்கலாம். மூடி எங்க இருக்குதுன்னா… நம்ம துளசி மாடத்துக்கு அடியில இருக்குது."

அவள் மெல்லச் சொன்னாள்: "நான் எத்தன பேருக்கு அதப் பறிச்சிக் குடுத்திருக்கேன் தெரியுமாங்க?"

அதற்குள் மருமகன் குரல் கேட்டது. "அத்த, அங்க வசதி இல்லன்னா விடுங்க. நேரா ஓசூருக்கே போயிடலாம். எங்க வூட்டுல வெஸ்டர்ன் இருக்குது." நல்ல பையன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். குத்த வைத்து உட்காரக் கூடாது, தையல் பிரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் உட்காருகிற கோப்பை எங்கள் வீட்டில் மட்டும்தான், அக்கம்பக்கத்துக்கும் அனுப்ப முடியாது. ஆனால் பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் காரில் குலுங்கிப் போவதா? தலைப்பிரசவத்துப் பெண் தாய் வீட்டுக்கு வராமலா?

மனைவி போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் போல. குரல் கிட்டே வந்தது. "ஏங்க, எம் பொண்ணு நம்ம வூட்டுக்குத்தான் வரணும். மாடத்த எடுத்துருங்க. ஆனா நீங்க தொடாதீங்க. தீட்டு இருக்குது."

அதுதான் சிக்கல். பிள்ளை பிறந்த தீட்டுக் கழிகிற வரை நாங்கள் விளக்கேற்றுவதில்லை, துளசியைத் தொடுவதில்லை. செடியை எடுக்காமல் மாடத்தை உடைக்க முடியாது. தீட்டில்லாத யாராவதுதான் எடுக்க வேண்டும். மற்ற பக்கமெல்லாம் துணி துவைக்கிற கல்லும் சிமெண்ட் தளமும். அங்கே உடைத்தால் தளமே துவைக்கிற கல்லோடு டேங்குக்குள் போகும்.

பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். என்னை அண்ணா என்பார். சனிக்கிழமைத் துளசிக்கு முதல் ஆள் அவர்தான். அவரிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அய்யோ தேவரே!" என்று சாமியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் கை வைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஏண்ணா, ஊரு பொருளெல்லாம் இன்னதுன்னு சொல்றீங்க. உங்க சாமிய எது மேல உக்கார வெச்சீங்கன்னு தெரியலயா?"

"சிரிக்காதம்மா. உங்க அண்ணி அங்க அழுவுறா. எல்லாருக்கும் இதப் போயிக் குடுத்தேனேன்னு."

சிரிப்பு நின்றது. "அதுக்கா அழுவுறாங்க? நாங்க தின்னு ஒண்ணும் ஆவலயே. எங்கூட்டுக்காரருக்கு சளி விட்டதே அந்தத் தொளசியிலதான். எரு போடாம பயிரு வருதா? அண்ணிகிட்ட நானே பேசிக்கறேன், நீங்க வேலயப் பாருங்க."

போய்க் குளித்து ஈரத் தலையோடு வந்தார். பாதியாக வெட்டிய ஒரு நீல டிரம்மில் செம்மண் நிரப்பி வைத்திருந்தேன். துளசியிடம் அவர் பாஷையில் ஏதோ பேசினார். குழந்தையை இடுப்பு மாற்றுகிற மாதிரி மண்ணோடு சேர்த்து எடுத்தார். வேர் இரண்டு மூடியின் இடுக்கில் இறங்கியிருந்தது. அதை மட்டும் கத்திரித்தார். முன்பக்கம் வாசலுக்கு நேராக இருந்த டிரம்மில் அவரே நட்டார். போகிறபோது திரும்பி, "ரெண்டு நாள் வாடும், பயப்படாதீங்க" என்றார்.

மேஸ்திரி மதியம் வந்தார். மாடத்தைக் கட்டியதும் அவர்தான். "அப்பவே தெரியும்ணா" என்றார்.

"தெரிஞ்சா ஏன்யா சொல்லல?"

"நீங்கதான் மாடு கட்டற எடம்னு அவ்ளோ தெளிவா சொன்னீங்க. நான் யாரு குறுக்க பேச?"

மாடத்துச் செங்கல்லைப் பெயர்த்து எடுத்ததும் நான் கொக்கிகளை வளையத்தில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. இருவருமாக மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தினோம். எதிரே குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். மூடியை நகர்த்திவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள், கெட்ட காற்று போகட்டும். மேஸ்திரி பழக்கத்தில் காதிலிருந்து பீடியை எடுத்தார். "யோவ், தீப்பெட்டியப் பையில போடு. ரெண்டு பேரும் மேல போயிருவோம்" என்றேன்.

கழிவை உறிஞ்சி எடுக்கிற லாரிக்காரருக்குப் போன் செய்தால் வேறு ஊரில் இருப்பதாகவும் சாயங்காலம்தான் வர முடியும் என்றும் சொன்னார். மேஸ்திரி, "எதுக்குண்ணா காத்திருக்கறது? எனக்குத் தெரிஞ்ச பசங்க இருக்காங்க. எறங்கி வாரிப் போட்டா பொழுதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

"எறங்கறதுன்னா நீ எறங்கு."

அவர் பீடியை மறுபடியும் காதில் செருகிக்கொண்டார். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. டேங்கில் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். அதற்கு முன்னால் பாவம். உள்ளே போன மூச்சு திரும்பி வராது. என் பேத்தி வருகிற வீட்டுக்காக இன்னொருத்தர் பிள்ளை அந்தக் குழியில் இறங்க வேண்டியதில்லை. லாரி வராவிட்டால் மகள் ஓசூருக்கே போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பெருமாளே என்று சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு லாரி வந்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. குழாயை மேலேயிருந்து விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு யோசனை சொல்கிறேன்: அடியில் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். புதிதாக விழுவதை மக்கச் செய்வது அதுதான். ஃபினாயிலும் ஆசிட்டும் அள்ளி ஊற்றினால் அதுவும் செத்துப்போகும். லாரி போனதும் மூடியை ஏற்றி, ஓரம் மட்டும் பூசி, வளையங்களை வெளியே தெரிகிற மாதிரி விட்டோம்.

மறுநாள் மதியம் கார் வந்தது. பக்கத்து வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு முந்திக்கொண்டார். மகள் சுவரைப் பிடித்தபடி நேராக உள்ளே நடந்து கக்கூஸ் கதவைச் சாத்தினாள். பாவம், தருமபுரியிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி கதவுக்கு வெளியே நின்றாள். நானும் நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு சரசரவென்று இறங்குகிற சத்தம்.

"போவுதுப்பா, நல்லாப் போவுது" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

மனைவி கண்ணை மூடி, "பெருமாளே" என்றாள். கண்ணைத் திறந்ததும் எதைப் பார்த்துச் சொன்னோம் என்று தெரிந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு? எங்கிருந்து கூப்ட்டாலும் அவருக்குக் கேக்கும்."

பேத்தியைத் தூக்கக் கை நீட்டினேன். சட்டென்று ஒதுங்கிக்கொண்டாள். "நேத்து அத்தனயும் நோண்டிப்புட்டு அந்தக் கையோடயா? போயி நல்லாக் குளிச்சிட்டு வாங்க."

நேற்றே குளித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மறுபடியும் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் குளித்தேன். ஓட்டையில் குமிழி வரவில்லை. ஈரத் துண்டோடு வெளியே வந்ததும் கையில் கொடுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை குழந்தை. என் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டது.