ரமணனின் வானில் இரண்டாவது சப்

ரமணன் தன் ஹயர் வானை என் ஸ்பீக்கர் கடை வாசலில் நிறுத்தினார், ஹோர்ன் அடிக்கவில்லை. விஷயம் பாரதூரம் என்று அப்போதே விளங்கிவிட்டது. சல்லி ஊரில் இருந்து வாடகைக்கு வான் ஓட்டுகிற ஆள். ஹோர்ன் அடிக்காமல் மூச்சுக்கூட விடமாட்டார். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார்.

“நானா, ரெண்டாவது சப் ஸ்பீக்கரை நானே பூட்டினனான். பூட்டின நாளில இருந்து பேஸ் அதிர்வைக் காணேல்ல. மகள் வானில ஏற மாட்டனெண்டு நிக்கிறாள்.”

மகள் துஷா சின்னப்பிள்ளை, பிறவியிலேயே காது கேளாது. பின் சீட்டுக்குப் பின்னால் முதலாவது சப்பை, பேஸை அதிரவைக்கிற பெரிய ஸ்பீக்கரை, பூட்டிக் கொடுத்தவன் நான்தான். சீட்டில் உள்ளங்கையை வைத்து, அந்த அதிர்வில்தான் அவள் பாட்டை அனுபவிப்பாள். பள்ளிக்கூடம் என்றாலே அழுத பிள்ளை, அந்த சப் வந்தபிறகு தகப்பனுக்கு முதல் வானில் ஏறி இருந்துவிடுமாம். இன்னொன்று சேர்த்தால் இன்னும் குஷியாவாள் என்று ரமணன் கணக்குப் போட்டார். கணக்குப் பிழைத்தது. பிள்ளை திரும்பவும் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அடம்பிடித்தாள்.

பின் கதவைத் திறந்து பார்த்தேன். பியூஸ் சரி. சப்புக்குக் கரண்ட் கொடுக்கிற அம்ப்பில், பழுதைக் காட்டும் புரொடெக்ட் லைட் எரியவில்லை. நாலு ஓம்ஸ் சப் இரண்டைப் பரலலில் போட்டால் இரண்டு ஓம்ஸ் அளவில் வரவேண்டும். மீட்டரும் அதையே காட்டியது. அம்ப்புக்கு அது தாங்கும். இரண்டு சப்பும் இருந்த பொக்ஸுக்கு வெளியே சிவப்பு வயர் பிளஸில், கறுப்பு மைனஸில், எல்லாம் ஒழுங்கு. பாட்டைப் போட்டால் இரண்டு சப்பின் கோனும் ஆடுகின்றன, ஆனால் சத்தத்தில் உயிரில்லை.

“அம்ப் பழுதோ நானா?”

“பொறுங்க தம்பி, பாப்பம்” என்றேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. மீட்டர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது.

போனில் இருந்து மிகத் தாழ்வான டெஸ்ட் டோன் ஒன்றை மெல்லமாக விட்டேன். தகப்பன் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்திருந்த துஷா, அதுவரை கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றவள், கிட்ட வந்து, கோனுக்கு ஒரு கையாக இரண்டு கையையும் வைத்தாள். பிறகு தகப்பனைப் பார்த்து ஒரு கையை முன்னுக்குத் தள்ளி, மற்றதைப் பின்னுக்கு இழுத்தாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

“என்னவாம்?”

“ஒண்டு வெளிய வருதாம், மற்றது உள்ளுக்குப் போகுதாம்.”

எனக்குப் பொறி தட்டியது.

“பொக்ஸுக்குள்ள என்ன வயர் போட்டனீங்க?”

“ஸ்பீக்கர் வயர் காணேல்ல நானா. வீட்டுக்கு லைட் இழுத்த மிச்சம் கிடந்துது, அதைத்தான்...”

கழற்றிப் பார்த்தால் இரண்டு இழையும் ஒரே வெள்ளை. எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியாமல் குத்துமதிப்பில் பூட்டியிருந்தார். ஒரு கோன் காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, பேஸ் நடுவில் செத்துப்போயிருந்தது. வயரை மாறிக் கொடுத்தாலும் ஓம்ஸ் ஒன்றுதான் என்பதால் மீட்டருக்கு இது பிடிபடாது.

இந்த வேலை பழகுகிற தம்பிமாரே, இரண்டு சப் பூட்டினால் ஒரு டோர்ச் பற்றரியை ஒவ்வொன்றின் பிளஸ், மைனஸிலும் ஒரே மாதிரித் தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் தள்ளவேண்டும். மீட்டர் சரி என்றதும் வேலை முடிந்ததென்று எழும்பிவிடாதீர்கள். அந்த சப் யாருக்காகவோ, அவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

வயரை மாற்றிப் பாட்டை விட்டதும் வானின் கண்ணாடி அதிர்ந்தது. துஷா பின் சீட்டில் ஏறி, உள்ளங்கையை வைத்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ரமணன் கைச் சைகையால் கேட்டார், நாளைக்குப் பள்ளிக்கூடம் போவமா என்று. அவள் கடை வாசலில் கிடந்த தன் செருப்பைக் காட்டி, அதை எடுத்துத் தரும்படி கையை நீட்டினாள். பிறகு தானே வான் கதவை இழுத்துச் சாத்தினாள். நாளைக்கு இல்லையாம், இப்பவே போகவேண்டுமாம்.