கோட்டைக்குப் பூசிய சாம்பல் நிறம்

மகளுக்கு அப்போது பத்து வயது. நாடுவிட்டு வந்து கிளென் ஈடன் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். பழைய காலத்து டியூக் ஒருவரின் கோட்டை அதன் செழிப்பான நாட்களில் எப்படி இருந்தது என்று படித்து எழுதி, அட்டையில் செய்தும் வரச் சொல்லியிருந்தார் அவளுடைய ஆசிரியை. இரண்டு கிழமையாகச் சாப்பாட்டு மேசை அவளுடையதாகிவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

சுவரெல்லாம் பளீரென்ற வெள்ளை, கோபுரக் கூரைகள் நீலம். எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டை என்றால் கல் நிறம்தானே? யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். அவளுடைய லைப்ரரிப் புத்தகத்தின் அட்டையிலும் கோட்டை சாம்பல் நிறமாகத்தான் நின்றது. உள்ளே புரட்டிப் பார்க்க எனக்கு எங்கே நேரம்! பிள்ளையின் வீட்டுவேலையில் கை வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. நான் வேலை செய்த ஹென்டர்சன் பாக்டரியில் லீவு கிடைத்த ஒரு நாள், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், கறுப்பையும் வெள்ளையையும் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசிவிட்டேன்.

வந்து பார்த்தவள் அழவில்லை. பரவாயில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன், மடச்சி.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை அவளுடைய கட்டுரையைப் புகழ்ந்தார். அந்தக் காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்குவார்களாம், டியூக்கின் செல்வாக்கு தூரத்திலேயே தெரிவதற்காக. இன்று நாம் காணும் வெறுங்கல், பூச்சு உதிர்ந்து மிஞ்சியதாம். இதையெல்லாம் மகள் ஒழுங்காக எழுதியிருந்தாள். பிறகு ஏன் சாம்பல் நிறம் என்று கேட்டதற்கு, வெள்ளைப் பெயிண்ட் முடிந்துவிட்டது என்று சொன்னாளாம்.

"அப்படியா?" என்பது போல ஆசிரியை என்னைப் பார்த்தார். மகள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இருந்தது. சரித்திரம் படிப்பித்தவள் என்று அந்த ஆசிரியையிடம் முன்பே பெருமையடித்தும் இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓமென்று தலையாட்டினேன்.

பஸ் தரிப்பில் கேட்டேன்: "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்பவள் அன்று தமிழில் சொன்னாள். "டீச்சர் உங்களைப் பிழையா நினைப்பா எண்டுதான் அம்மா."

அவள் பொய் சொன்னது எனக்காக. அதற்கு நான் தலையாட்டியதும் எனக்காகத்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பஸ் வருது, எழும்பு" என்றுதான் வந்தது.