நான் துலக்கிய கைக்கடிகாரம்

மாமாவின் கைக்கடிகாரத்தைத் துடைத்துக் கொடுப்பது இன்றும் என் வேலைதான். மாதம் ஒருமுறை கடலூரிலிருந்து கிள்ளைக்கு நான் போகும்போது அவரே கழற்றி என் முன்னால் வைத்துவிடுவார். பக்கத்திலுள்ள சாவி உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பழைய பருத்தித் துணியை லேசாக நனைத்து, ஒரு சொட்டு சோப்பைத் தொட்டு, எஃகின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளின் போக்கிலேயே துடைப்பேன். குறுக்கே போக மாட்டேன். சங்கிலிப் பட்டையின் இடுக்குகளுக்குக் குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ். கடைசியில் உலர்ந்த துணி. தண்ணீரில் முக்குவது என்ற பேச்சே கிடையாது. ஓர் ஓரத்தில் மட்டும் துணி எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். அங்கே கோடுகள் இல்லை. அவற்றை அழித்தவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள். அப்பா இறால் பிடிப்பார், அம்மா அதைச் சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பாள். அம்மாவின் தம்பியான மாமா, அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு வாரக்கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருவார். மருந்துச் சீட்டு, மின்சார அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என்னிடம்தான் வரும். அக்கம்பக்கத்தார்கூட வருவார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்துவதில்லை. எதையாவது சொல்லிக் கடந்துவிடுவேன். நிறுத்தினால் மரியாதை போய்விடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

அந்த வருடம் படிப்பு முடிந்து ஊருக்குப் போன ஒரு மாணவர், தன் கைக்கடிகாரத்தைப் பெட்டியோடு மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி போல மின்னாத, மங்கலான எஃகு. நாலைந்து மாதம் மாமா அதைக் கையை விட்டு இறக்கவில்லை. லாட்ஜில் தரை கழுவும்போதும் அது கையில்தான். இங்கே வந்து அம்மாவுக்கு இறால் கூடையை இறக்கிக் கொடுக்கும்போதும் கையில்தான். பட்டையின் இடுக்கெல்லாம் கறுப்பாக அழுக்கு அடைந்து, பக்கத்தில் வந்தால் இறால் வாடை அடிக்கத் தொடங்கியது.

மாமாவுக்குப் பெண் பார்க்கக் கடலூர் முதுநகருக்குப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று. முதல்நாள் சாயங்காலம் அம்மா அவர் மணிக்கட்டை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“பொண்ணு வீட்டுக்காரங்க காப்பி குடுக்கறப்ப இந்தக் கையத்தான் நீட்டுவியா? வாட்சு வர்றதுக்கு முன்னாடி வாடை வருதுடா.”

மாமா பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த சின்னப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். “படிச்ச புள்ள இருக்கறப்ப நமக்கு என்னா கவல? எப்படிக் கழுவணும்னு இதுல போட்டிருக்கும். பாரு பாப்பா.”

எறும்பு ஊர்வது போல ஆங்கிலம். எனக்குத் தெரிந்தவை இரண்டே: தண்ணீர் என்ற சொல், முப்பது மீட்டர் என்ற கணக்கு. பக்கத்தில் ஒரு தண்ணீர்த் துளியின் படமும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. முப்பது மீட்டர் ஆழத்தில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அறிவித்தேன்.

“அது எத்தன பாகம் வரும்?” என்று கேட்டார் அப்பா. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கடலில் ஆழம் சொல்ல எங்கள் ஆட்களுக்கு அதுதான் அளவு. மனதுக்குள் வகுத்து, பதினாறு பாகம் என்றேன்.

அப்பா வாயைப் பிளந்தார். “நம்ம வலையே அவ்ளோ ஆழம் போவாதே! மச்சான், நாளையிலேருந்து வாட்சக் கட்டி எறக்கிட வேண்டியதுதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஏறிய பெருமைதான் அடுத்த வரியையும் படிக்கவைத்தது. விரலை ஓட்டிக்கொண்டே, ஊறவைத்து நார் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

மாமா தயங்கினார். “நாரு போட்டா? வாட்சுக்கா?”

“அவ படிச்சு சொல்றா, நீ என்னாடா குறுக்க பேசுற?” என்றாள் அம்மா.

வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன். கடிகாரம் குளிக்கும்போது ஓடக்கூடாது என்று சாவியை வெளியே இழுத்து முள்ளை நிறுத்தினேன். பிறகு புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். பொங்கலுக்குப் பித்தளைப் பானையை அம்மா அப்படித்தான் செய்வாள். அழுக்கு போனதும் எஃகின் மேல் நெருக்கமாகக் கோடுகள் தெரிந்தன. அந்த மாணவர் பத்திரமாக வைத்துக்கொள்ளாததால் விழுந்த கீறல்கள் என்று நினைத்துக்கொண்டேன். கம்பி நாரில் சாம்பலைத் தொட்டு ஓர் ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். கோடுகள் கரைந்து அந்த இடம் பளபளத்தது. கை வலித்ததால்தான் மற்ற பக்கங்கள் தப்பின.

இரவு கண்ணாடிக்குள் பனி மூட்டம் போட்டது. காலையில் முள் நகரவில்லை. மாமா அதைக் காதில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெண் வீட்டில், ராகுகாலம் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம், மணி என்ன என்று பெண்ணின் அப்பா கேட்டார். மாமா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலில் விழுந்திருந்த வெயிலை ஒரு பார்வை பார்த்து, “நாலு கூட ஆவலீங்க” என்றார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்ததில் கடிகாரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா கடிகாரத்தைச் சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனார். என்னையும் அழைத்துப் போனார். பெட்டியும் புத்தகமும் கூட வந்தன. அதுதான் எனக்குப் பயம். கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி முதுகுமூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு சொட்டுப் பழுப்புத் தண்ணீர் மேசையில் விழுந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

“ரசம் வச்சீங்களா இதுல?”

மாமா சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் மழைத் தூறலும் கை கழுவும் தண்ணீரும்தான் தாங்கும் என்றார். பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்து, நான் விரல் ஓட்டிய அதே பக்கத்தைத் தட்டினார். “மெத்துனு இருக்கற துணியால தொடைக்கணும், தேய்க்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். இந்தக் கோடெல்லாம் அழகுக்குப் போட்டதுங்க. போன கோடு போனதுதான். உள்ள இருக்கறத வேணா மாத்தித் தரேன். வீட்டுல யாரும் படிச்சுப் பாக்கலியா?”

என் காது சூடேறியது. மாமா வாய் திறந்தால் போதும். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கும் தெருவுக்கும் தெரிந்துவிடும். நாளை முதல் ஒரு மருந்துச் சீட்டுகூட என்னிடம் வராது.

“எங்க வூட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க யாருமில்லீங்க. நான்தான் தெரியாத்தனமா வெளக்கிட்டேன்” என்றார் மாமா.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “இந்தப் பாப்பா?”

“அது சின்னப் புள்ளைங்க. அதுக்கென்ன தெரியும்?”

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. யாரும் இல்லையா? நான் யார்? வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளை, ஊர்க் காகிதமெல்லாம் படித்துச் சொல்கிறவளை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று சொல்லிவிட்டாரே. கடையை விட்டு வந்ததும் அவர் வாங்கித் தந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நான் தொடவில்லை. கையைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டேன். பேருந்து நிலையம் வரை நாலடி முன்னாலேயே நடந்தேன்.

எங்கள் பேருந்து வந்து நின்றது. மாமா அதன் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

“பாப்பா, இது கிள்ளைக்குத்தான் போவுதா? கொஞ்சம் படிச்சு சொல்லேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, உரக்கப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என்னை முதலில் ஏற்றிவிட்டார். நடத்துனர் மாமாவைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலே கிள்ளைக்கு இரண்டு சீட்டு கிழித்தார். வாரம் தவறாமல் அதே பேருந்தில் வருகிறவருக்கு அதன் பலகையை எதற்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நான் படித்துச் சொல்லாவிட்டால் மாமா சிதம்பரத்திலேயே நின்றிருப்பார் என்ற நினைப்போடு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.